இடி முழங்கிய நாட்களின் கோப்புகள்

ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊரின் காலை வெயிலை நம்பலாம், பின்னேரத்தை நம்ப முடியாது. மதியச் சாப்பாடு முடிந்து கை காய்வதற்குள் மேற்கே காட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுக்கு மேலாக முதல் இடி உருளும். உடனே வீடுகளிலும் கடைகளிலும் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வார்கள்: சுவரிலிருந்து பிளக்குகளைக் கழற்றுவார்கள். தொலைக்காட்சி முதலில், பிறகு குளிர்சாதனப் பெட்டி, பிறகு கைத்தொலைபேசி சார்ஜர். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்தவர்களின் கருகிப்போன பெட்டிகளைப் பற்றி ஒவ்வோர் ஒழுங்கையிலும் ஒரு கதை உண்டு.

நான் வேலை செய்த இடத்திலும் இதே வழக்கம்தான். அது கரையோர மீனவர் சங்கமொன்றின் ரேடியோ அறை. கடலில் நிற்கும் படகுகளோடு பேசுவதற்காகச் சங்கம் நடத்திய இடம். துறைமுகத்தின் உள்வளைவில், மீன் இறங்குதுறைக்குப் பின்னால் அடுத்தடுத்து இரண்டு சிறிய அறைகள். ஒன்றில் ரேடியோவும் மேசையும் நாலைந்து கதிரைகளும். மற்றதில், சேர்வர் என்று நாங்கள் மரியாதையாகச் சொல்லும் ஒரு கறுப்புக் கணினிப் பெட்டி.

மூன்று பேர் வேலை செய்தோம். ரேடியோவில் இருந்தவர் கிண்ணியாக்காரர், என்னைவிட மூத்தவர், கரை முழுவதற்கும் அவர் நானா, அதாவது அண்ணன். எழுதுவினைஞராக இருந்தவர் உப்புவெளிப் பெண். தாயும் தகப்பனும் போன பிறகு தன் தம்பியைத் தானே வளர்த்து ஆளாக்கியவர். அந்தத் தம்பி கடலுக்குப் போகிறவன். நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். கணினிகள் என் பொறுப்பு. நாட்களைப் பற்றி எனக்கு ஒரு பித்து உண்டு. ஒரு திகதியைச் சொன்னால் அன்று என்ன கிழமை, நிலவு வளர்ந்ததா தேய்ந்ததா, காற்று எந்தப் பக்கம் வீசியது என்று யோசித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பழைய கப்பற்காரர்களின் பயணக் குறிப்புகளையும், இந்தத் துறைமுகத்தில் ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் பார்த்தவர்களின் கதைகளையும் தேடித் தேடி வாசித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் நானா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. அவருக்கு நான் கலண்டர்.

விடிவதற்கு முன் கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் தான் எங்கே தூண்டில் போடப்போகிறது என்பதை எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகும். ஜிபிஎஸ் காட்டும் எண்களை நானா அப்படியே தரவுத்தளத்தில் அடிப்பார். படகு திரும்பியதும் 'வந்தது' என்று குறிப்பார். திரும்பாவிட்டால் எங்கே போய்த் தேடுவது என்பதற்கு அந்த எண்களை விட்டால் வேறு துணை இல்லை. சங்கம் எங்களை வைத்திருந்ததே அதற்காகத்தான்.

ஆனால் நல்ல மீன் கிடைக்கும் இடத்தை ஒருவரும் ரேடியோவில் சொல்லமாட்டார்கள். ரேடியோவில் சொன்னால் கடல் முழுவதும் கேட்கும், மறுநாள் அந்த இடத்தில் கால் வைக்க நீர் இருக்காது. ஆகவே ரேடியோவில் "வெளிக்கிட்டாச்சு நானா" என்று மட்டும் சொல்வார்கள். பிறகு, கைத்தொலைபேசிக்குச் சிக்னல் அறுவதற்குள் நானாவைத் தனியாக அழைத்து உண்மையான எண்களைக் கொடுப்பார்கள். மற்றவர்களை ஏய்ப்பதற்காக முதலில் வேறு திசையில் கொஞ்சத் தூரம் ஓடிக் காட்டிவிட்டு, ஒருவரும் பார்க்காத தூரத்தில் திருப்பிக்கொள்வதும் உண்டு. நானா அந்த எண்களை அடித்த கையோடு மறந்துவிடுவார். "நான் கேட்டதெல்லாம் பெட்டிக்குள்ளதான், தலைக்குள்ள ஒண்டும் இல்ல" என்பார். அதனால்தான் போட்டியாளர்கள் எல்லோரும் அவர் ஒருவரை நம்பினார்கள்.

இந்தத் தரவுத்தளத்தை நாளுக்கு ஒருமுறை வேறொரு வட்டில் பிரதியெடுத்து வைப்போம். சேர்வருக்குப் பக்கத்தில், தனக்கென்று தனி வயரும் தனிப் பிளக்கும் கொண்ட சிறு பெட்டி அது. வெளித்தட்டு என்போம். பிரதி எடுக்கும் வேலையைப் பின்னேரத்துக்கு வைத்திருந்தோம். விடியற்காலை முழுவதும் படகுகளின் அழைப்பு. மாலையில் அறையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையே இறக்கிவிடும் வழக்கம். சாப்பாட்டுக்குப் பிந்திய அந்த ஓய்வுநேரம்தான் வசதி என்று எல்லோரும் கூடித் தீர்மானித்தது.

அன்று வியாழக்கிழமை, அமாவாசைக்கு அடுத்த நாள். முதல் இடியோடு தங்கச்சி எழுந்து வழக்கம்போலப் பிளக்குகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். நானா ரேடியோவின் பின்புறத்திலிருந்து ஏரியல் வயரைப் பிடுங்கி எட்டப் போட்டார். மின்னல் முதலில் தேடி வருவது ஏரியலைத்தான். அதன் பிறகு மூன்று பேரும் கதிரைகளில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காத மழைக்குள் சும்மா இருந்தோம்.

நெடுநேரம் கழித்து மழை குறைந்ததும் எல்லாவற்றையும் திரும்பச் செருகினோம். நானா ஏரியலைப் பூட்டிப் படகுகளைக் கூப்பிடத் தொடங்கினார். அனேகமானவை இடிக்கு முன்பே கரையேறியிருந்தன. மிச்சமும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லின. ஒன்று மட்டும் சொல்லவில்லை. அது தங்கச்சியின் தம்பியின் படகு. அவனும் ஒரு கூட்டாளியும் போயிருந்தார்கள்.

நானா மறுபடி கூப்பிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. தங்கச்சி நானாவுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எஞ்சின் நிண்டிருக்கும் பிள்ள. பற்றறி நனைஞ்சிருக்கும். வேற ஒண்டும் இல்ல," என்றார் நானா. "எங்க நிக்கிறான் எண்டு பாத்தாப் போதும்." அவர் விசைப்பலகையைத் தட்டினார். திரை அசையவில்லை. மறுபடி தட்டினார். "கலண்டர், இஞ்ச வாங்க. பெட்டி வாயத் திறக்குதில்ல."

நான் என் திரையைப் பார்த்தேன். அங்கே ஒரு சிவப்பு வரி நின்றது. காப்புப் பிரதி எடுத்தல் தோல்வி, வட்டில் இடமில்லை. அதற்குக் கீழே இன்னொன்று. தரவுத்தளம் நிறுத்தப்பட்டது.

அப்போது உப்புவெளிக் கரையிலிருந்து அந்தப் படகின் சம்மாட்டி, அதாவது சொந்தக்காரர், தொலைபேசியில் அழைத்தார். நானா எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார்.

"நானா, ரெண்டு படகு எண்ணெய் அடிச்சு ரெடி. பெடியன் விடியக் கோட்டையடி தாண்டி மூதூர்ப் பக்கமாப் போனதைக் கன பேர் கண்டவங்கள். நாங்கள் தெற்கால போறம். சரியோ?"

"கொஞ்சம் பொறுங்க," என்றார் நானா.

"இருட்டப் போகுது நானா. பொறுத்து என்னத்தைக் காணுறது?"

நானா தங்கச்சியைப் பார்க்காமல் சொன்னார். "அவன் விடிய ஃபோன்ல கோல் எடுத்தவன். எடுக்கக்குள்ளயே சிரிச்சான். 'நானா, இண்டைக்கு இடம் புதுசு, மூச்சும் விடப்படாது' எண்டான். மூதூர்ப் பக்கம் எல்லாரும் காணக்கூடியதாப் போயிருந்தா அவன் அங்க போகல்ல எண்டுதான் நான் நினைக்கன்."

"அப்ப எங்க நானா? என்ன எண் சொன்னவன்?" என்று கேட்டார் தங்கச்சி.

"எட்டுப் பாகை..." நானா நெற்றியை அழுத்தித் தேய்த்தார். "எட்டுதான். எல்லாருக்கும் எட்டுதான் பிள்ள. மிச்சத்த நான் எங்க வெச்சிரிக்கன்? பெட்டிக்குள்ளதான் இரிக்கி."

எங்கள் கடல் முழுவதும் எட்டுப் பாகைக்குள் அடங்கிவிடும். தெற்கே மூதூரா வடக்கே குச்சவெளியா என்பதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண்கள். கடற்படைக்கும் அறிவித்தோம். அவர்கள் கேட்ட முதல் கேள்வியும் எந்த இடம் என்பதே. வெளியே மழை விட்டிருந்தது. துறைமுகத்து நீர் ஈயம் பூசியது போல அசைவில்லாமல் கிடந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்.

நான் சேர்வரின் முன்னால் உட்கார்ந்தேன். நானாவும் தங்கச்சியும் எனக்குப் பின்னால். வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்கும் கட்டளையை அடித்தேன். முழுவதும் என்றது. எந்தக் கோப்புறையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் கட்டளையை அடித்தேன். ஒவ்வொன்றாகக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. கூட்டலில் பிழையென்று நினைத்து மறுபடி கூட்டினேன். அதே விடை. வாசலில் நின்று பார்த்தால் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை, அறை அறையாகத் திறந்து பார்த்தால் பாதி வீடு வெறுமையாகக் கிடக்கிறது. கணினியோடு நான் கழித்த காலத்தில் இப்படியொன்றைக் கண்டதில்லை.

தேவையில்லை என்று தெரிந்த சில கோப்புகளை அழித்தேன். இடம் கொஞ்சம் விட்டது. தரவுத்தளத்தை எழுப்பப் போவதற்குள் அந்த இடத்தை ஏதோ விழுங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் அழித்தேன். அதுவும் போயிற்று. அழிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. அந்தச் சிறிய பெட்டிக்குள், பெயரில்லாத, ஆனால் நிறையுள்ள ஏதோ ஒன்று இருந்துகொண்டு வாய் திறந்து தின்றது.

"என்ன கலண்டர், ஏலுமா ஏலாதா?"

"பாக்கிறன் நானா."

அணைத்துவிட்டு எழுப்பிப் பார்க்கலாம் என்று கை போனது. ஆனால் பாதி எழுதின நிலையில் நிற்கும் தரவுத்தளத்தை வெட்டி நிறுத்தினால் அதற்குப் பிறகு எதுவும் கிடைக்காமலும் போகலாம். கையை எடுத்துவிட்டேன். நேற்றைய பிரதி இருக்கிறதா என்று வெளித்தட்டைத் திறந்தேன். இருந்தது. ஆனால் நேற்றைய பிரதியில் இன்று விடியற்காலையில் சொன்ன எண்கள் இருக்காது.

பிரதிகள் திகதியைப் பெயராகக் கொண்டு வரிசையாக நின்றன. திகதிகள் வரிசையாக நிற்பதைக் கண்டால் என் கண் தானாக மேலிருந்து கீழே இறங்கும். அந்த அவசரத்திலும் இறங்கியது. இடையில் நாட்கள் விடுபட்டிருந்தன. ஒரு செவ்வாய் இல்லை. ஒரு சனி இல்லை. பிறகு அடுத்தடுத்த இரண்டு நாட்கள் இல்லை. ஆடி மாதத்தில் ஒன்றும் குறையவில்லை. சித்திரையில் பல்லுப் போன வாய் மாதிரி. புரட்டாசிக் கடைசியிலிருந்து மறுபடி இடைவெளிகள். அந்த நாட்களில் பிரதி எடுக்கும் நிரல் என்ன சொன்னது என்று பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் 'வெற்றி' என்று சொல்லியிருந்தது. எடுத்தது என்கிறது, எடுத்தது எங்கேயும் இல்லை.

சித்திரையும் ஐப்பசியும். நான் கதிரையைத் திருப்பினேன்.

"தங்கச்சி, சித்திரையில, வருசப் பிறப்புக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை இடி இடிச்சதா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "என்ர தம்பி கடலில நிக்கிறான். நீங்கள் சித்திரை மாசத்து இடியைக் கேக்கிறியளோ அண்ணை?"

"வருசத்துக்குப் பிறகு வந்த சனியா?" என்றார் நானா. "இடிச்சது. அண்டைக்குத்தான் என்ட மச்சான்ட ரீவி எரிஞ்சது. பிளக்கக் கழட்டினவனெல்லாம் வரிசையில வந்து பாத்துச் சிரிச்சிட்டுப் போனானுகள்."

"போன கிழமை செவ்வாய்?"

"இடி. வெள்ளி, சனி ரெண்டு நாளும் இடி."

"தங்கச்சி, கோவிக்காதேங்கோ. இடி இடிச்சா எந்தெந்தப் பிளக்கைக் கழட்டுவீங்கள்?"

"எல்லாத்தையும்தான். அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும் தொடுறேல்லை. நீங்கள்தானே சிவப்பு டேப் ஒட்டித் தொடப்படாது எண்டனீங்கள்."

"அதுக்குப் பக்கத்தில நிக்கிற சின்னப் பெட்டி?"

"அதில டேப் இல்லையே."

அந்த நேரம் என் மனத்தில் ஒரு திரை விலகியது. அதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெளித்தட்டு என்பது சேர்வருக்குள் ஒரு கோப்புறையாகத் தெரியும். உண்மையில் அந்தக் கோப்புறை சேர்வரின் சொந்த வட்டிலுள்ள ஒரு வெறும் இடம். வெளித்தட்டைச் செருகியதும் அது அந்த இடத்தின் மேல் ஒரு பாயைப் போல விரிந்துகொள்ளும். அதன் பிறகு எதை வைத்தாலும் பாயின் மேல்தான் போய் உட்காரும். பாயைச் சுருட்டிவிட்டால் வைப்பது வெறும் நிலத்தில் விழும். இடி இடிக்கும்போதெல்லாம் தங்கச்சி பாயைச் சுருட்டினார். சரியாக அதே பின்னேர நேரத்தில் பிரதி எடுக்கும் நிரல் வந்து, பாய் இருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல், தரையில் வைத்துவிட்டு 'வெற்றி' என்று சொல்லிவிட்டுப் போனது. மழை விட்டதும் தங்கச்சி பிளக்கைச் செருகினார். பாய் விரிந்து எல்லாவற்றையும் மூடியது. மூடியதற்குக் கீழே இருப்பதை எந்தக் கட்டளையும் எண்ணாது. இன்று அந்தத் தரை நிரம்பிவிட்டது. இன்றைய பிரதியை முடிக்க முடியாத நிரல், தோற்றுத் தோற்று மறுபடி மறுபடி முயன்று, நான் விடுவித்த ஒவ்வொரு துளி இடத்தையும் பாய்க்குக் கீழே இருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

முதலில் அந்த நிரலை நிறுத்தினேன். பிறகு வெளித்தட்டை விலக்கும் கட்டளையை அடித்தேன். அதன் பிறகு, விதிப்படி வெறுமையாக இருக்க வேண்டிய அந்தக் கோப்புறையைத் திறந்தேன்.

வெறுமையாக இல்லை. மேலிருந்து கீழே திகதிகள் நின்றன. அந்தச் சித்திரைச் சனி. அதற்கு முந்திய ஆண்டின் ஒரு புதன். அடுத்தடுத்த இரண்டு நாட்கள். போன கிழமைச் செவ்வாய், வெள்ளி, சனி. இடி முழங்கிய நாட்கள் மட்டும். முழங்காத நாள் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊரின் இடிகளை எண்ணி வைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. யாரும் நினைக்காமலே, ஒரு பெண் பயந்து பிளக்கைக் கழற்றியதாலும் ஓர் இயந்திரம் குனிந்து பார்க்காததாலும், அவை பிசகில்லாமல் எண்ணப்பட்டு, இவ்வளவு காலமும் என் கண்ணுக்கு நேரே, நான் தினமும் திறந்து மூடும் அதே பெயருக்குக் கீழே கிடந்திருக்கின்றன. இந்தத் துறைமுகத்தில் ஈயக் குண்டை இறக்கியவர்கள், கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே கயிறு முடிந்தும் குண்டு நிலம் தொடாமல் நின்றபோது எப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. நானும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன?" என்றார் தங்கச்சி. "என்ன அண்ணை, பேசுங்கோவன்."

"கண்டுபிடிச்சிட்டன்."

"அவனையோ?"

"இல்லை. இடத்தை. கொஞ்சம் பொறுங்கோ."

எல்லாவற்றையும் அழித்தால் வட்டு தாராளமாகிவிடும். என்னால் முடியவில்லை. அன்றைய அரைகுறைப் பிரதியை மட்டும் அழித்தேன். எப்படியும் அது முடியாத பிரதி, எதற்கும் உதவாது. அது ஒன்றே போதுமான இடத்தை விட்டது. இந்த முறை அதை விழுங்க அந்த நிரல் ஓடவில்லை. தரவுத்தளத்தை எழுப்பினேன்.

அது உடனே எழவில்லை. திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. தரவுத்தளங்களில் ஒரு முறை உண்டு. எதையும் உரிய இடத்தில் எழுதுவதற்கு முன்னால், இன்னதை எழுதப்போகிறேன் என்று வேறோர் இடத்தில் எழுதி வைக்கும். அதை எழுதி முடித்த பிறகுதான் அடித்தவரிடம் 'பதிவாயிற்று' என்று சொல்லும். இடையில் விழுந்துபோனால், எழும்போது முதல் வேலையாகத் தான் எழுதி வைத்ததை வாசித்து, செய்யாமல் விட்டதையெல்லாம் வரிசை மாறாமல் செய்து முடிக்கும். இதை நான் புத்தகங்களில் பலமுறை வாசித்திருந்தேன். ஒரு மனிதனின் உயிர் அதில் தொங்கிக்கொண்டிருக்க, அது தன் சொல்லைக் காப்பாற்றுவதை நேரில் பார்த்தது அன்றுதான். நானாவின் விரல்கள் விடியற்காலையில் செய்ததையெல்லாம் அது திரும்பச் செய்தது. ஒரு படகு, அடுத்த படகு, அடுத்தது. விடியல் எங்கள் முன்னால் மறுபடி நடந்தது.

"நானா, அவன் கோல் எடுத்து அடிச்சபோது 'பதிவாயிற்று' எண்டு வந்ததா?"

"வராம நான் ஃபோன வைக்கிற இல்ல."

வரிகள் நின்றன. தங்கச்சி என் தோளுக்கு மேலால் கையை நீட்டி, படகின் எண்ணைத் தானே அடித்தார். எட்டுப் பாகை. அதற்குப் பின்னால் வந்த எண்களைக் கண்டதும் நானா மேசையில் அடித்தார்.

"வடக்கு! குச்சவெளிக்கு வெளிய! கள்ளப் பயல், மூதூருக்கு முகத்தக் காட்டிட்டு எங்க போயிரிக்கான் பாருங்க!"

சம்மாட்டி தொலைபேசியில் காத்திருந்தார். நானா எண்களை வாசித்தார்.

"அங்கயோ? அங்க மீன் கிடக்குதோ?" என்றார் சம்மாட்டி.

"மீனப் பிறகு பாக்கலாம். ஆளப் பாருங்க. நீரோட்டம் தெற்கால இழுக்குது, அவன் அந்த இடத்தில நிக்கமாட்டான். குச்சவெளிக்கு ஓடாதீங்க, நிலாவெளிக்கு நேர வெளியால பிடிச்சு வடக்கால தேடிட்டுப் போங்க."

கடற்படைக்கும் அதே எண்களைச் சொன்னோம். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. தங்கச்சி ஒரு கதிரையை ரேடியோவுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நானா தொழுவதற்காக மற்ற அறைக்குப் போய்விட்டு வந்தார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரை மலைகளின் மேல் மின்னல் இன்னும் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெட்டிலும் நீர் ஒரு கணம் அடிவரை தெரிவதுபோல வெளிறி, மறுபடி மூடிக்கொண்டது.

வெளிச்சம் முழுவதும் போவதற்குச் சற்று முன் ரேடியோ இரைந்தது. சம்மாட்டியின் குரல்.

"நானா, நானா. நிலாவெளிப் புறாமலைக்கு வெளியால. ரெண்டு பேரும் இருக்கிறாங்கள். கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வாறம்."

தங்கச்சி நானாவின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தார். "அவனைக் கதைக்கச் சொல்லுங்கோ!"

இரைச்சல். பிறகு ஓர் இளம் குரல், குளிரில் பல் அடிக்க: "அக்கா, எனக்கு ஒண்டுமில்லை. தேத்தண்ணி ஊத்தி வை."

"உனக்குத் தேத்தண்ணியோ? வா, வந்தாப் பிறகு தாறன்," என்றார் தங்கச்சி. ஒலிவாங்கியை நானாவின் மடியில் வைத்துவிட்டு முகத்தைச் சேலைத் தலைப்பில் புதைத்துக்கொண்டார்.

படகு கரையேறியது என்று செய்தி வந்ததும் நானா தன் கதிரையிலிருந்து எழுந்தார். அந்தக் கதிரையில் வேறு எவரையும் அவர் இருக்க விடுவதில்லை. "இரிங்க பிள்ள. நீங்களே போடுங்க," என்றார். தங்கச்சி உட்கார்ந்து, தம்பியின் படகுக்கு எதிரே, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, 'வந்தது' என்று அடித்தார். 'பதிவாயிற்று' என்று திரை சொல்லும்வரை கையை எடுக்கவில்லை.

சனிக்கிழமை தம்பிக்காரன் ஒரு பாரை மீனோடு அலுவலகத்துக்கு வந்தான். மீனை மேசையில் கிடத்திவிட்டு என்னைக் குறையோடு பார்த்தான். "அண்ணை, உயிரைக் காப்பாத்திப் போட்டியள். இடத்தைக் காப்பாத்த ஏலாமப் போச்சே. இண்டைக்கு அங்க போய்ப் பாருங்கோ, தேர்த் திருவிழா மாதிரிப் படகு."

தமக்கை அவன் பிடரியில் ஒன்று போட்டார். "இனி மூதூருக்குப் போறனெண்டு முகத்தைக் காட்டிப் பார்."

அவன் பிடரியைத் தடவிக்கொண்டே நானாவிடம் குனிந்து, புதிதாக இன்னோர் இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான்.

அன்று பின்னேரமும் மேற்கே கறுத்தது. முதல் இடிக்குத் தங்கச்சி எழுந்தார். கைத்தொலைபேசி சார்ஜரைக் கழற்றினார், அச்சுப் பொறியைக் கழற்றினார். வெளித்தட்டின் பிளக்குக்கு முன்னால் வந்ததும் கை அந்தரத்தில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கழட்டுங்கோ தங்கச்சி," என்றேன். முந்திய நாளே அந்த நிரலுக்கு, பாய் விரித்திருக்கிறதா என்று முதலில் குனிந்து பார்க்கவும், இல்லாவிட்டால் மழை விடும்வரை காத்திருக்கவும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

பாய்க்குக் கீழே கிடந்தவற்றை நான் அழிக்கவில்லை. வேறொரு தட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். சில வேளைகளில் ஒன்றைத் திறந்து பார்ப்பேன். வானத்தில் இடி உருண்ட அந்தக் கணத்தில் எங்கள் கடல் எப்படி இருந்தது என்பது அதில் இருக்கும். எந்தெந்தப் படகு வந்தது, எந்தெந்தப் படகு இன்னும் வெளியே நின்றது. இன்னும் வராதவற்றின் எதிரே உள்ள கட்டம் வெறுமையாக இருக்கும். அவை எல்லாம் அன்றே திரும்பிவிட்டன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த வெறும் கட்டங்களைப் பார்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அந்த வியாழக்கிழமைக்கு மட்டும் அதில் கோப்பு இல்லை.